உடும்புக்கு ஒரு பெட்டி

சென்ற விடுமுறையிற் சுருவிலில் உள்ள என் தமக்கையார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். வளவின் கோடியிலே பாழடைந்த கிணறு ஒன்றுண்டு. ஒருநாள் மாலை அதனுள்ளே ஏதோ துழாவும் ஓசை கேட்டு எட்டிப் பார்த்தோம். இரண்டடி நீளமுள்ள ஓர் உடும்பு வழுக்குஞ் சுவரைப் பற்றி ஏற முயன்று, மீண்டும் மீண்டும் நீரில் வீழ்ந்துகொண்டிருந்தது. கயிற்றிற் கட்டிய கடகத்தை இறக்கி, அரைமணி நேரம் பொறுத்திருந்து, ஒருவாறு அதனை மேலே எடுத்தோம். முன்காலிற் சிறு காயம், உடலெங்கும் சோர்வு.

வேலிக்கு அப்பால் நின்ற அயலவர் ஒருவர், "கறிக்கு நல்ல சாமான்" என்று சிரித்தார். பன்னிரண்டு வயதுடைய என் மருமகன் முகம் வாடிப்போயிற்று. சாக்கினால் அதனை மூடிக்கொண்டே, "மாமா, உதை நாங்கள் வளர்ப்பம். ஒரு பெட்டி அடிச்சுத் தாருங்கோவன்" என்றான். விடுமுறைதோறும் அவனுக்கு மரவேலை பழக்குவது என் வழக்கம்.

"அடிக்கலாம், ஆனால் முதலில் அளவு எழுதவேண்டும்" என்று சொல்லி, கொப்பியையும் பென்சிலையும் அவன் கையிற் கொடுத்தேன்.

கதிரை செய்யுந் தச்சன் அதில் அமர்பவரை மனத்தில் வைத்தே உயரம் குறிக்கின்றான். அவ்வாறே, ஓர் உயிருக்குக் கூடு செய்பவன் அவ்வுயிரையன்றோ முதலில் அளக்கவேண்டும்? உடும்பு முழு வளர்ச்சியில் ஐந்தடி வரை நீளக்கூடியது. அது திரும்பவும் உலாவவும் இடம் வேண்டும். மண்ணைத் தோண்டி வளையிற் புகும் இயல்பினது. ஆகவே ஆழமான மண் வேண்டும். மரமேறும், ஆகவே உயரமுங் கிளையும் வேண்டும்.

இவை யாவற்றினும் முக்கியமானது வெப்பம். நம்மைப்போல் உடலின் உள்ளிருந்தே சூட்டை உண்டாக்கி நிலைநிறுத்தும் ஆற்றல் ஊர்வனவற்றுக்கு இல்லை. அவை வெயிலிற் கிடந்து சூடேற்றியும் நிழலில் ஒதுங்கித் தணித்துமே உடலைக் காக்கின்றன. கௌல்ஸ், போகேர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பாலைநிலத்து ஊர்வனவற்றை ஆராய்ந்து 1944இல் இதனை விரிவாக எழுதினர். ஆகவே கூட்டின் ஒரு கோடி வெப்பமாகவும் மறுகோடி குளிர்ச்சியாகவும் இருத்தல் இன்றியமையாதது.

சிறுவன் கணக்கிட்டான். நீளம் 12 அடி, அகலம் 6 அடி, உயரம் 7 அடி என்று வந்தது. "மாமா, உது பெட்டியில்லை, அறையெல்லோ!" என்றான்.

அறையும் அதற்குப் போதாது. இரை தேடிப் பனங்கூடல்களினூடே அலைந்து திரியும் உயிர் அது. அன்றியும், நம் நாட்டில் உடும்பு சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. அதனைக் கொல்லுதலுங் குற்றம், அனுமதியின்றிப் பிடித்து வைத்திருத்தலுங் குற்றம். இதனையும் அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வி ஒன்றே: "வெளியில விட்டால் அந்த மாமா பிடிச்சுக் கொல்லுவாரே?"

அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. அவன் வயதில் நானும் ஒரு பெட்டி செய்தேன். முன்புறங் கண்ணாடி பதித்து, உள்ளே ஓர் ஓணானை விட்டு, யாவரும் காணும்படி முற்றத்தில் வைத்தேன். உணவருந்தி வந்து பார்த்தபோது அது வாய் திறந்தபடி இறந்து கிடந்தது. மூடிய பெட்டியிற் கண்ணாடி வழியே புகுந்த வெயிலுக்கு வெளியேற வழியில்லை; ஓணானுக்கோ ஒதுங்க நிழலில்லை. பொருத்துகள் யாவும் நேர்த்தியாகத்தான் இருந்தன. அன்று நான் அளந்தது பலகையை மட்டுமே. இதனைக் கேட்ட மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான்.

பின்னர் இருவருமாக ஓர் இரவுக்கு மட்டும் உதவும் பெட்டி செய்தோம். வீட்டிற் கிடந்த பழம்பலகையை அறுத்துச் சீவினோம். 3 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஒரு பக்கத்திற் கீழ்வரிசையாகவும் எதிர்ப்பக்கத்தில் மேல்வரிசையாகவும் துளைகள் இட்டோம். கீழே புகுங் காற்றுச் சூடேறி மேலே வெளியேறும். மூக்கை உராய்ந்து புண்படுத்தும் என்பதாற் கம்பிவலை வைக்கவில்லை. துளைகளின் ஓரங்களையும் அரத்தால் மழுக்கினோம். நெடி வீசும் வர்ணமோ வார்னிஷோ பூசவில்லை. மூடிக்குப் பிணைச்சலும் இரண்டு கொளுக்கிகளும். உள்ளே ஈரமற்ற சாக்கு. இருளும் அமைதியும் அஞ்சிய உயிருக்கு மருந்தாகும்.

தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் இருளர் மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகின்றது. மருந்துக்கு நஞ்செடுக்கும் பொருட்டுப் பிடிக்கும் பாம்புகளை அவர்கள் மண்பானைகளிற் சில வாரம் வைத்திருந்து, மீண்டுங் காட்டிலே விட்டுவிடுகின்றனர். பாம்பை நன்கறிந்தவர் செய்யுங் கூடு, திருப்பி விடுவதற்கென்றே அமைந்த கூடு. கடலுக்கு அப்பால் நயினாதீவில் நாகபூஷணி அம்மனை வணங்கும் நம்மவர், நாகத்துக்குக் காட்டும் பரிவில் ஒரு பங்கை உடும்புக்குங் காட்டலாகாதா?

வனசீவராசிகள் திணைக்களத்தாருக்குத் தொலைபேசியில் அறிவித்தோம். காயம் சிறிதாயின், அது தெம்பாக இருந்தால், அண்மையிலேயே விட்டுவிடும்படி கூறினர். விடியுமுன் பெட்டியைத் தூக்கிச் சென்று மூடியைத் திறந்தோம். சிறிது நேரம் அசையாதிருந்த உடும்பு, நாவை நீட்டிக் காற்றை அளந்தது. பின்பு பற்றைக்குள் மறைந்தது. எந்தப் பற்றை என்பதை இங்கு எழுதப்போவதில்லை.

திரும்பும் வழியில் அந்த அயலவரைக் கண்டோம். "உடும்பு எங்கே தம்பி?" என்றார். மருமகன் வெறும் பெட்டியைத் திறந்து காட்டி, "அதுக்கு இந்தப் பெட்டி அளவில்லை, மாமா. விட்டிட்டம்" என்றான். அவர் பெட்டியைத் தடவிப் பார்த்து, கொளுக்கி நன்றாயிருப்பதாகச் சொன்னார். அன்று பிற்பகல், பாழ்ங்கிணற்றுக்குப் பலகை மூடியொன்று செய்ய நாங்கள் அளவெடுத்தபோது, மறுமுனையிற் கயிற்றைப் பிடித்தவரும் அவரே.