விலையைச் சந்தேகிப்போர் பாதியில் நிறுத்திவிட்ட வாதம்

விலையுயர்ந்த ஒயின் என்றாலே ஏமாற்று வேலை என்று தீர்ப்பளிப்பது கல்விப்புலத்தில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் இப்பேச்சு எழுந்தால் யாரேனும் ஒருவர் 2008ஆம் ஆண்டின் ஆய்வுகளை எடுத்து வைப்பார், மற்றவர்கள் சிரித்துத் தலையசைப்பார்கள், விவாதம் முடிந்துவிடும். அந்த ஆய்வுகள் பொய்யானவை அல்ல. அவற்றிலிருந்து அவசரமாகப் பெறப்படும் முடிவுதான் பிழையானது.

ஆய்வுகள் சொல்வதை முதலில் பார்ப்போம். ஹில்கே பிளாஸ்மான் குழுவினர் 20 பேருக்குக் கேபர்னே சாவிஞோன் ஒயின்களைப் பருகத் தந்து, அவர்களது மூளையின் செயல்பாட்டைப் படமெடுத்தனர். ஒரே ஒயினை 10 டாலர் என்று சொன்னபோதைவிட 90 டாலர் என்று சொன்னபோது, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. ராபர்ட் ஹாட்சன், கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து மும்முறை ஊற்றி நடுவர்களைச் சோதித்தார். ஏறத்தாழ 10 சதவீத நடுவர்களே மூன்று முறையும் ஒரே பதக்கப் பிரிவுக்குள் மதிப்பிட்டனர். ராபின் கோல்ட்ஸ்டீன் குழுவினர், பெயரும் விலையும் மறைத்துச் சுவைக்கப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தனர். பயிற்சியற்றோர் விலை கூடிய ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்பது அவர்களின் முடிவு.

அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. ஒயின் பயிற்சி பெற்றவர்களிடம் இந்த எதிர்மறை உறவு தென்படவில்லை. விலைக்கும் விருப்பத்துக்கும் நேர்த்தொடர்பு இருப்பதற்கான அறிகுறிகளே இருந்தன. மேற்கோள் காட்டுவோரின் பேச்சில் இப்பின்பாதி காணாமற்போகிறது. முதற்பாதியை மட்டும் ஓதுவது ஐயவாதம் ஆகாது. வசதிக்கேற்ற வாசிப்பு அது.

இவ்வாய்வுகள் நிறுவுவது, விலையைக் கேட்ட நாக்கு நம்பத்தக்க சாட்சி அன்று என்பதையே. போட்டி நடுவரின் நாக்கும் பெரும்பாலும் அப்படியே என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த உயர்விலை ஒயினுக்கும் அதன் விலைக்கு நியாயம் இல்லை என்பதை அவை நிறுவவில்லை. இந்த வேறுபாடு ஆய்வாளர்களுக்குப் புரியாததன்று. ஒரு கட்டுரையின் தரத்தை அது வெளியான இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கொண்டு அளப்பது தவறு என்று வாதிடாத துறை இன்று இல்லை. அதனால் எல்லாக் கட்டுரைகளும் சமம் என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. கட்டுரையைத் திறந்து படிக்கவேண்டும் என்றே சொல்கிறார்கள். ஒயின் என்று வந்ததும், அளவுகோல் கோணல் என்பதாலேயே அளக்கப்படும் பொருளும் இல்லை என்று துணிந்துவிடுகிறார்கள்.

நாக்கைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். நாப்பாப் பள்ளத்தாக்கில் ஒரு டன் கேபர்னே திராட்சையின் சராசரி விலை அண்மை ஆண்டுகளில் 8,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. டன் விலையில் நூற்றில் ஒரு பங்கே புட்டியின் விலையாக அமையவேண்டும் என்பது அத்தொழிலின் பழைய வாய்பாடு. ஆகவே 80 டாலர் வரை கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 1,000 டாலர் பெறும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் 300 புட்டிகளுக்குப் போதும். அதன் செலவு புட்டிக்கு மூன்று நான்கு டாலர்தான். செங்குத்தான மலைச்சரிவில், முதிர்ந்த கொடிகளில், விளைச்சல் சமவெளியின் பாதிக்கும் கீழே போனால் பழத்தின் செலவு இரட்டிப்பாகும். இப்படிக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆயிரக்கணக்கான டாலரைத் தொட இயலாது. ஸ்க்ரீமிங் ஈகிளின் 1992ஆம் ஆண்டு ஒயினுக்கு ராபர்ட் பார்க்கர் 99 மதிப்பெண் தந்தார். அதே ஆண்டின் 6 லிட்டர் புட்டி ஒன்று 2000இல் நாப்பாவின் அறக்கொடை ஏலத்தில் 5 லட்சம் டாலருக்குப் போனது. அங்கே விற்பது பெயரும் தட்டுப்பாடும். அந்த யானை விலை, குதிரை விலைக்கு ஐயவாதிகளின் கேலி முழுமையாகப் பொருந்தும்.

அக்கேலி பொருந்தாத ஒயின்களும் உண்டு. புகழ் வெளிச்சம் அதிகம் படாத இடங்களில் அவற்றைத் தேடவேண்டும். கேத்தி கோரிசன் 1987 முதல் தம் பெயரில் ஒயின் செய்து வருபவர். அவருடைய க்ரோனோஸ் தோட்டத்தின் கொடிகள் 1971இல் நடப்பட்டவை. நாப்பாவில் பெரும்பாலோர் டேவிஸ் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த ஏ.எக்ஸ்.ஆர்.1 என்னும் வேர்ச்செடியின் மீதே கொடிகளை ஒட்டுக் கட்டியிருந்தனர். 1980களில் ஃபிலாக்சரா பூச்சி அவ்வேர்களைத் தின்றழித்தது. பல்லாயிரம் ஏக்கர் பிடுங்கி மறுநடவு செய்யப்பட்டது. க்ரோனோஸின் கொடிகள் செயின்ட் ஜார்ஜ் என்னும் பழைய வேர்ச்செடியில் நின்றதால் பிழைத்தன. அரை நூற்றாண்டு கடந்த கொடி கொஞ்சமாகவே காய்க்கும். அதைப் பிடுங்கிவிட்டு இளங்கொடி வைத்தால் வருமானம் கூடும்; அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மறுப்பின் செலவும் புட்டியின் விலைக்குள் இருக்கிறது.

ஹௌவெல் மலையில் ராண்டி டன் 1979 முதல் செய்துவரும் கேபர்னே, பீப்பாயில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. புட்டியில் பல பத்தாண்டுகள் தாங்குகிறது. மதிப்பெண்ணுக்காகப் பழத்தை மிகையாகக் கனியவிட்டு ஆல்கஹாலை ஏற்றிய காலத்திலும் அவர் 14 சதவீதத்துக்குள் நின்றார். ஸ்பிரிங் மலையில் 1971இல் தொடங்கிய ஸ்மித்-மட்ரோன் தோட்டம் மானாவாரியாக விளைகிறது. செங்குத்துச் சரிவில் ஏறி இறங்கும் கூலியும் பாசனமில்லாத கொடியின் குறைந்த விளைச்சலும் யாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய செலவுகள். இவற்றில் எதுவும் மலிவு அன்று. ஆயினும் ஸ்க்ரீமிங் ஈகிளின் விலையில் இவை ஒரு சிறு பகுதியே.

நாப்பாவின் டன் விலையிலேயே நாப்பாவின் புகழ் கலந்திருக்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதற்காகவே அப்பள்ளத்தாக்குக்கு வெளியேயும் பார்க்கவேண்டும். சாந்தா க்ரூஸ் மலையில், ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில், மார்ட்டின் ரே 1940களில் உருவாக்கிய தோட்டம் இன்று மௌண்ட் ஈடன் என்று வழங்குகிறது. ஜெஃப்ரி பேட்டர்சன் 1981 முதல் அங்கே உழைக்கிறார். மெலிந்த மண், சொற்ப விளைச்சல், நான்கு பத்தாண்டுகளாக மாறாத ஒரே கை என எல்லாம் இருந்தும், நாப்பா என்னும் சொல் அதன் சீட்டில் இல்லை. அதனால் அச்சொல்லுக்கான தொகையும் அதன் விலையில் இல்லை.

இந்தியாவிலிருந்து பேசுவோர்க்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இறக்குமதி ஒயினுக்கு இந்நாடு நெடுங்காலமாக விதித்துவந்த 150 சதவீதச் சுங்கவரியும், அதன்மேல் மாநில ஆயத்தீர்வையும் சேர்ந்த விலையைப் பார்த்துவிட்டு ஒயினே மோசடி என்பது, அரசின் வரிக்காகத் தோட்டக்காரரைத் தண்டிப்பதாகும்.

எல்லா உயர்விலையும் பொய் என்ற பேச்சினால் பெயரை விற்பவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் ஆய்விதழ்களைப் படித்து மனம் மாறுபவர்கள் அல்லர். அடி விழுவது, செலவைக் கணக்காகவே விலையில் வைக்கும் சிறு தோட்டங்களின் மீதுதான். பதரோடு நெல்லையும் சேர்த்துக் கொட்டுபவரைத் தூற்றத் தெரிந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. கொடியின் வயது என்ன, ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது, சந்தைக்கு வருமுன் எத்தனை ஆண்டு காத்திருந்தது, புகழ் வந்தபோது விலை எவ்வளவு ஏறியது? இந்த நான்கையும் கேட்ட பிறகு ஒரு புட்டியை மோசடி என்று சொல்லலாம். கேட்காமலே சொல்பவர், விலைச்சீட்டைப் பார்த்து மயங்குபவரைப் போலவே, விலைச்சீட்டை மட்டுமே படித்திருக்கிறார்.