அவளைப் பிடித்தாக வேண்டிய கட்டாயமில்லை

கதை எழுதக் கற்றுத்தரும் பட்டறைகளில் மாணவியாகவும் பின்னர் பேச அழைக்கப்பட்டவளாகவும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஆண் பாத்திரம் குடிக்கலாம், கடன் வாங்கலாம், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரியலாம். அதற்குத் ‘தேடல்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெண் பாத்திரம் தன் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு இரண்டு வருடம் படிக்கப் போனால் மட்டும் உடனே கேள்வி எழும்: “வாசகருக்கு இவளைப் பிடிக்குமா?” என் கதை ஒன்றை இதே கேள்வியோடு ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. கடைசியில் அவள் அழுவதாக ஒரு வரி சேர்த்தால் போட்டுவிடலாம் என்றார்கள். நான் சேர்க்கவில்லை.

அந்த ஒரு வரிக் கண்ணீர் ஓர் அபராதம். தன் இஷ்டப்படி ஒன்றைச் செய்துவிட்ட பெண், கதையை விட்டு வெளியேறும்முன் கட்டிவிட்டுப் போக வேண்டிய தொகை. நம் இலக்கியத்தில் இந்த வசூல் நெடுங்காலமாக நடக்கிறது.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொள்கிறான். காருக்குள் நடந்ததை அவள் தாயிடம் சொல்கிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த நாளில் அது துணிச்சலான முடிவு. அதை யாரும் குறைக்க வேண்டாம். பெரிய சர்ச்சையும் எழுந்தது. ஆனால் கதையும் அதை எதிர்த்தவர்களும் மோதிக்கொண்டது சுத்தம் என்ற ஒரே சொல்லின் மேல்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அங்கே இடமே இருக்கவில்லை. முடிவெடுப்பவள் தாய். மகள் தண்ணீர் ஊற்றப்படுகிற தலை.

பிறகு ஜெயகாந்தனே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அந்த முடிவை மாற்றினார். இங்கே தாய் தண்ணீர் ஊற்றவில்லை. விஷயம் வெளியே தெரிகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். கங்கா படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். பல வருடங்கள் கழித்து ‘அக்னிப் பிரவேசம்’ என்ற கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன்னைப் பற்றி யாரோ எழுதிய கதையைப் படித்துவிட்டு, அந்தக் காரில் வந்தவனைத் தானே தேடிக் கிளம்புகிறாள். அந்த இடத்தில்தான் அவள் பாத்திரமாகிறாள் என்பேன். அவள் செய்வது சரியா, தவறா என்பது அடுத்த பேச்சு, செய்கிறவள் அவள். ஆனாலும் முடிவில் நாவல் அவளைக் குடியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. அங்கேயும் அபராதம் வசூலாகிவிட்டது என்பதே என் வாசிப்பு.

இன்றைக்கு இதற்கு மாற்றாக ஒரு சரக்கு சந்தைக்கு வந்திருக்கிறது: ‘வலிமையான பெண்’. புல்லட் ஓட்டுவாள், ஒருவனை அறைவாள், இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசுவாள். அவள் வாடகை எவ்வளவு, யாரிடம் பொறாமை, எதற்குப் பொய் சொல்வாள் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. கண்ணகி பொம்மையை எடுத்துவிட்டு ஜான்சி ராணி பொம்மையை வைத்தாலும் கொலு கொலுதான்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் படியுங்கள். ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம். சமையலறை பெயருக்கு ஒரு மூலையில். அந்த இருட்டு அறையின் அதிகாரத்துக்குப் பெண்கள் ஒருவரோடொருவர் போட்டி போடுகிறார்கள். நாம் பார்த்துப் பழகிய கொடுமைக்கார மாமியாரும் அங்கே இல்லை, தியாகச் சுடரும் இல்லை. ஓர் அறையின் அளவு ஒரு பெண்ணின் ஆசையை எந்த அளவுக்குச் சுருக்கிவிடுகிறது என்பது இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போனார். உப்பளத்தில் நாள் முழுக்க நிற்பவளின் கால் எப்படி இருக்கும், வெள்ளை வெயிலில் கண் என்ன ஆகும், கூலி யார் கையில் போய்ச் சேரும் என்பதெல்லாம் தெரிந்தபின் அவளைப் பாவமாகக் காட்ட வேண்டிய அவசியமே எழுத்தாளருக்கு இல்லாமல் போகிறது.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனிச் சொல்வது நமக்கு. பெண்கள் எழுதிய நடுத்தர வர்க்கக் கதைகளை எடுத்து, வீட்டு வேலைக்கு வரும் பெண் எத்தனை வரி வருகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். குடிகாரப் புருஷனைப் பற்றி ஒரு வரி புலம்புவாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், அம்மாவுக்கு ஞானம் பிறக்கும், அவள் பாத்திரம் துலக்கப் போய்விடுவாள். ஆண்கள் நம் தலையில் ஊற்றிய தண்ணீரை நாம் அவள் தலையில் ஊற்றுகிறோம். சாதி தெரியாத மாதிரி எழுதிவிட்டால் சாதி இல்லாமல் போய்விடாது.

சிவகாமி 1989இல் ‘பழையன கழிதலும்’ நாவலை எழுதினார். தலித் தலைவரான காத்தமுத்துவின் வீட்டுக்குள் பெண்கள் படும் பாட்டை மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கும் நாவல். அத்தோடு அவர் விடவில்லை. ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொன்றை எழுதி, முன்பு எழுதியதை எழுதியவரிடமே கேள்வியாகத் திருப்பினார். யாருடைய வாழ்க்கையை எடுத்தோமோ அவர்கள் நம்மைக் கணக்குக் கேட்கலாம் என்ற பயம் எழுதுகிறவளுக்கு இருக்க வேண்டும். பட்டறைகளில் இந்தப் பயத்தைக் கற்றுத்தருவதில்லை.

எழுதத் தொடங்கியிருக்கும் மாணவிகளுக்கு என்னிடம் சூத்திரம் ஒன்றுமில்லை, சில கேள்விகள் உண்டு. கதையின் முக்கியமான முடிவை எடுப்பது யார்? அவள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? அவள் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியுமா? அவள் இந்தக் கதையைப் படித்தால் எந்த வரியை அடிப்பாள்? இவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு, பிடிக்குமா பிடிக்காதா என்பதை வாசகரிடம் விட்டுவிடுங்கள். கடைசியில் ஒரு துளிக் கண்ணீர் கேட்டு யாராவது கதையைத் திருப்பி அனுப்பினால், வேறு பத்திரிகைக்கு அனுப்புங்கள்.