எத்தனை கொம்பு இருந்தா நல்ல ரவுட்டர்?

ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடைக்குப் போய் "நல்ல வைஃபை ரவுட்டர் வேணும்ணே"ன்னு கேட்டாலும் முதல்ல வெளிய வர்றது நாலு கொம்பு வெச்ச பொட்டி. "வீட்டுல ஆறு பேர்ணே"ன்னு சொன்னா ஆறு கொம்பு. பட்ஜெட் கொஞ்சம் கூடன்னு தெரிஞ்சா எட்டு கொம்பு. அது பார்க்கவே மல்லாந்து கிடக்குற கரப்பான்பூச்சி மாதிரி இருக்கும் :-) நம்ம மக்களும் கொம்பை எண்ணி, பொட்டி மேல இருக்குற நம்பரைப் பார்த்து, காசைக் கொடுத்துட்டு வந்துடுறாங்க. ஒரு வாரம் கழிச்சு சமையல்கட்டுல சிக்னல் இல்லைன்னு சண்டை.

என் கட்சி இதுதான். ரவுட்டர் வாங்குறதுல கொம்புக்கும் நம்பருக்கும் கடைசி இடம். முதல் இடம் வீட்டோட சுவருக்கு. ரெண்டாவது இடம் அந்த வீட்டுல யார் எங்கே உட்காருறாங்கங்கிறதுக்கு.

முதல்ல அந்த நம்பர் விவகாரம். "ஏஎக்ஸ்3000"னு போட்டிருந்தா 3000 எம்பிபிஎஸ் வருதுன்னு நினைக்காதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 574, 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402, ரெண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. சாதாரண வைஃபை 6 போன்ல ரெண்டு ஆண்டெனாதான். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல அதுக்கு உச்சமே 1201. அதுவும் காகிதத்துல. சுவர், தூரம், பக்கத்து வீடு எல்லாம் தன் பங்கை எடுத்துக்கிட்டது போக மீதிதான் நமக்கு.

இதைவிடப் பெரிய கூத்து பொட்டிக்குப் பின்னாடி இருக்கு. "ஏசி1200"னு விக்கிற விலை குறைஞ்ச ரவுட்டர் பலதுல, கேபிள் சொருகுற ஓட்டை 100 எம்பிபிஎஸ்க்குத்தான் (ஆர்ச்சர் சி50 அந்த ரகம்). நீங்க மாசாமாசம் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் 95க்கு மேல வீட்டுக்குள்ள வராது. முன்னாடி எத்தனை கொம்பு இருந்து என்ன பிரயோஜனம்? கடையில கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணே, இதுல கிகாபிட் போர்ட் இருக்கா?"

சரி, ஒரு வீட்டுக்கு உண்மையில எவ்வளவு வேகம் வேணும்? 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும்னு நெட்ஃப்ளிக்ஸே சொல்லுது. நல்ல தரத்துல ஒரு வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். அப்பா மீட்டிங்ல, அக்கா கிளாஸ்ல, டிவில 4கே படம், மத்த மூணு பேரும் போன்ல ஆளுக்கு 5ன்னு வெச்சாலும் மொத்தம் 38தான். 2004ல வந்த பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். அந்த அளவை 2 எம்பிபிஎஸ் ஆக்கினது 2023 ஜனவரியில. இன்னைக்கு 100 எம்பிபிஎஸ் பிளான் இருக்குற வீட்டுல "நெட் ஸ்லோ"ன்னா, பெரும்பாலும் குறை தெருவுல வர்ற ஃபைபர்ல இல்ல. கடைசி முப்பது அடி காத்துல இருக்கு.

அந்த முப்பது அடி ஊருக்கு ஊர் இல்ல, ஏரியாவுக்கு ஏரியா மாறும். நம்ம மெட்ராஸ்லயே பாருங்க.

மயிலாப்பூர்: மாட வீதிகளைச் சுத்தி இன்னும் கொஞ்சம் பழைய வீடுங்க மிச்சம் இருக்கு. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. ரேழி, கூடம், அப்புறம் சமையல்கட்டு, கொல்லைப்புறம்னு ரயில்பெட்டி மாதிரி போகும். சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புமா ஒரு முழத்துக்கு இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி ரெண்டு சுவரைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். இந்த வீட்டுக்கு எட்டு கொம்பு ரவுட்டர் ஒண்ணு வாங்குறதைவிட, சாதாரண ரவுட்டர் ரெண்டு வாங்கி, நடுவுல ஒரு லேன் கேபிள் இழுத்து, ஒண்ணைக் கூடத்துலயும் இன்னொண்ணைப் பின்கட்டுலயும் வைக்கிறது மேல். ரவுட்டர் கத்துறது போனுக்குக் கேட்டா மட்டும் போதாது. போன் முனகுறது ரவுட்டருக்கும் கேட்கணும். போன்ல இருக்குறது குட்டி ஆண்டெனா, சின்ன பேட்டரி. ரவுட்டர்ல எத்தனை கொம்பு ஏத்தினாலும் போனோட குரல் பெருசாகாது.

தி.நகர்: இங்கே பிரச்சனை சுவர் இல்ல, கூட்டம். ஃபிளாட்ல உட்கார்ந்து வைஃபை லிஸ்ட்டைத் திறந்தா மேல் வீடு, கீழ் வீடு, எதிர்க்கடை எல்லார் பேரும் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான்: 1, 6, 11. அந்த மூணுல அத்தனை வீடும் நெருக்கியடிச்சா அது தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருதான். இங்கே 5 கிகாஹெர்ட்ஸ்தான் வழி. அது சுவர் தாண்டாதுன்னு மயிலாப்பூர்ல திட்டினோம் இல்லையா, தி.நகர்ல அதுவே வரம். பக்கத்து வீட்டு இரைச்சலும் உள்ளே வராது. 2018 அக்டோபர்ல மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ்ல நிறைய இடத்தை உரிமம் இல்லாம பயன்படுத்தத் திறந்துவிட்டதால சேனலுக்கும் பஞ்சமில்ல.

இன்னொண்ணும் செய்யலாம். மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு 2023 மே மாசம் ஆகாய நடைபாதை திறந்தாங்க, 570 மீட்டர். அதால ரங்கநாதன் தெரு ஒரு இன்ச்கூட அகலமாகல. ஆனா அங்கே புடவை வாங்க வராம, சும்மா கடந்து போக மட்டும் வந்த ஜனங்களுக்குத் தனி வழி கிடைச்சுது. வீட்டுல லேன் கேபிள்தான் அந்த நடைபாதை. நகராம ஒரே இடத்துல இருக்குற டிவி, டெஸ்க்டாப் ரெண்டையும் கேபிள்ல போட்டுடுங்க. காத்துல இருக்குற இடம் நடமாடுற போனுக்கு மிச்சமாகும்.

அடையாறு: இங்கே மாடி வெச்ச வீடு நிறைய. கான்கிரீட் தளத்துக்குள்ள இருக்குற கம்பி சிக்னலை முழுங்கும். கீழ் ஹால்ல டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோ பக்கத்துல ரவுட்டரை ஒளிச்சு வெச்சுட்டு மாடியில நெட் வரலைன்னு புலம்பறதுல நியாயம் இல்ல. "மெஷ் வாங்கிடுங்க சார்"னு கடையில சொல்வாங்க. வாங்கலாம், தப்பில்ல. ஆனா ரெண்டு பேண்ட் மட்டும் இருக்குற மெஷ்ல, ரெண்டு பொட்டியும் தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கும் அதே காத்துதான். அதுலயே பாதி வேகம் போயிடும். அங்கேயும் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்துட்டா பிரச்சனை தீர்ந்தது.

வேகம் ஆச்சு, நம்பகம்? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ ஊர்ல பல பகுதியில கரண்ட் இல்ல, சில இடத்துல நாள் கணக்குல. வீடு வரைக்கும் ஃபைபர் வர்ற ஜிபான் இணைப்புல, எக்ஸ்சேஞ்சுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல மின்சாரம் தேவைப்படுற கருவி பொதுவா எதுவும் கிடையாது. கேபிள் அறுந்து போகாம, அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடினா, உங்க மோடத்துக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் இருந்தாலே நெட் வரும். அதுக்குன்னே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் விக்குது, ஆயிரத்துச் சொச்சம். சில கம்பெனி மாடிப்படி ஓரம் சுவிட்ச் பொட்டி மாட்டி அங்கேர்ந்து லேன் கேபிள் கொடுப்பாங்க. அந்தப் பொட்டிக்குக் கரண்ட் போனா உங்க வீட்டு யுபிஎஸ் ஒண்ணும் பண்ண முடியாது. இணைப்பு எடுக்கும்போதே இதைக் கேட்டுக்கணும்.

பாஸ்வேர்டையும் சொல்லிடறேன். 2008 ஜூலையில அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில ஒரு அமெரிக்கர் வீட்டு வைஃபை வழியா போயிருந்தது. அவருக்கு அதுல சம்பந்தமே இல்ல, வைஃபை பூட்டாம கிடந்தது. போலீஸ் வந்தது அவர் வீட்டுக்குத்தான். அதனால டபிள்யூபிஏ3 இருக்குற ரவுட்டரா, அப்டேட் ஒழுங்கா வர்ற பிராண்டா பாருங்க. பாஸ்வேர்டா போன் நம்பரை வைக்காதீங்க.

வைஃபை 7 வாங்கணுமான்னு ஒரு கோஷ்டி கேட்கும். அதோட பெரிய பலமே 6 கிகாஹெர்ட்ஸ். நம்ம நாட்டுல அதோட கீழ்ப்பாதியைத் திறக்க வரைவு விதி வந்ததே 2025 மே மாசம்தான். விக்கிற இந்திய மாடல்ல 6 கிகாஹெர்ட்ஸ் இருக்கா, வீட்டுல இருக்குற போனுக்கு அது தெரியுமான்னு பார்க்காம காசு கொட்ட வேண்டாம். கிகாபிட் போர்ட் உள்ள நல்ல வைஃபை 6 ரவுட்டரும் பதினைஞ்சு மீட்டர் கேபிளும் நம்ம நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும்.

கடைசியா ஒண்ணு. 2020ல இதெல்லாம் விளையாட்டு இல்லைன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. அந்த செப்டம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டி இறுதி செமஸ்டர் பரீட்சையை ஆன்லைன்லயே நடத்துச்சு. அந்த மார்கழியில கச்சேரிகூட ஆன்லைன்ல வந்துச்சு. அப்போ நல்ல சிக்னல் கிடைச்சது யாருக்கு? ரவுட்டர் இருந்த ஹால்ல உட்கார்ந்தவங்களுக்கு. ஹால்ல உட்கார்றது பெரும்பாலும் வீட்டு ஆம்பளைங்க. சிக்னல் சாகுற இடம் சமையல்கட்டும் பின் ரூமும். அங்கே இருக்குறது அம்மாவும் பாட்டியும், சில வீட்டுல பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணும். அவங்க "நெட் வரலை"ன்னு சொன்னா, "உனக்கு போன் பார்க்கத் தெரியலை"ன்னு பதில் வரும்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி போனைக் கையில எடுத்துக்கிட்டு வீட்டை ஒரு சுத்து சுத்துங்க. எந்த மூலையில சிக்னல் செத்துப்போகுது, அந்த மூலையில யார் உட்காருறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தப் பேப்பரைக் கடைக்காரர் கிட்ட காட்டி ரவுட்டர் கேளுங்க. கொம்பை அவரே எண்ணிக்கட்டும்.