சங்கிலி போனது, பூட்டு போயிற்றா?

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாகல்நகர்ப் பட்டறைகளில் கையால் செய்த பூட்டு ஊர் ஊராகப் போயிற்று. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெட்டிக்குப் பூட்டு வேண்டும். கதவுக்குப் பூட்டு வேண்டும். மனிதனுக்கு எதற்குப் பூட்டு?

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் நாடே இந்தக் கேள்வியைக் கேட்டது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே 43 பேர் இருந்தார்கள். பெரும்பாலோருடைய கால்களில் சங்கிலி!

சங்கிலி தளர்வாக இருந்த சிலர் உருவிக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்களால் ஓட முடியவில்லை. இன்னார் என்று அடையாளம் காண முடியாதபடி உடல்கள் கருகிக் கிடந்தன.

அன்று இறந்தவர்கள் 25 பேர். தீக்காயத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. கணக்கு 28 ஆயிற்று. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கின் பெயரில் மட்டும் 25 என்ற எண் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் ஏர்வாடிக்கு?

ஏர்வாடி தர்காவுக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் போகிறார்கள். மனம் பேதலித்தவர்களைக் கொண்டுபோய் வைத்தால் குணமாகும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு மாதமும் ஆகலாம். ஒரு வருஷமும் ஆகலாம்.

கூலி வேலை செய்கிறவன் ஒரு வருஷம் ஏர்வாடியில் உட்கார முடியுமா? ஊரில் அடுப்பு எரிய வேண்டாமா? அதனால்தான் தர்காவைச் சுற்றி இல்லங்கள் முளைத்தன. மாதப் பணம் கட்டினால் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்ள ஆள் போதாத இடத்தில் சங்கிலி ஆளின் வேலையைச் செய்தது.

இதில் தர்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. பெற்ற தாயைக் கல்நெஞ்சக்காரி என்பதும் நியாயமாகாது. பக்கத்தில் டாக்டர் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள அண்டை வீட்டார் விடுவதில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அவள் வேறென்ன செய்வாள்?

சட்டம் இருந்தது!

ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் இல்லாததால் 28 பேர் சாகவில்லை. மனநோயாளிகளை வைத்துச் சிகிச்சை செய்யும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற 1987-ம் ஆண்டுச் சட்டம் 1993 முதலே அமலில் இருந்தது. காகிதத்தில் இருந்தது. போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

தீக்குப் பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டது. ஒரே வாரத்தில், ஆகஸ்டு 13-ந் தேதி, அங்கிருந்த மனநோயாளிகள் இல்லங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. இப்படிப்பட்ட இல்லங்களை மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கும்படி 2002-ல் எல்லா மாநிலங்களுக்கும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இல்லத்தை நடத்தியவருக்கும் குடும்பத்தாருக்கும் 2007-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

இன்று இருப்பது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. நல்ல சட்டம். எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பமில்லாமல் வேலை வாங்கக் கூடாது. சொந்த உடை உடுத்த விட வேண்டும்.

வேறு வழியே இல்லாத ஆபத்து வேளையில் மட்டும், மனநல டாக்டரின் அனுமதியோடு, கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டி வைக்கக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஏர்வாடியை நினைத்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றுகிறது.

தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்த்தால் முதலில் 30 நாள்தான். அதற்கு மேல் வைத்திருக்க மறுஆய்வு வாரியத்தின் சம்மதம் வேண்டும். "கொண்டுவந்து விட்டார்கள், கிடக்கட்டும்" என்பதற்கு இடமில்லை.

ஆனால் தண்டனை? பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் முதல் தடவை அபராதம் 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை. பல பேரிடம் மாதப் பணம் வாங்குகிறவருக்கு 5,000 ரூபாய் ஒரு பணமா?

விழுப்புரத்தில் நடந்தது

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தின் கதவைப் போலீசாரும் அதிகாரிகளும் திறந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணோம் என்று உறவினர் விடாமல் தேடியதால்தான் அது நடந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். கொடுமை நடந்ததாகப் புகார்கள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

கதவைத் திறக்க வைத்தது இன்ஸ்பெக்‌ஷன் அல்ல, "எங்கள் ஆள் எங்கே?" என்று கேட்ட ஓர் உறவு. அப்படிக் கேட்க யாருமில்லாதவர்கள் கதி என்ன?

தூரம்தான் இங்கே பெரிய ஆபத்து. திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக ஏர்வாடிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். முதல் மாதம் போவார்கள். பிறகு தீபாவளிக்குப் போவார்கள். பிறகு பணம் மட்டும் போகும்.

இப்போது அவ்வளவு தூரம் ஓட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லிலும் ராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோர் வீட்டிலேயே இருக்கலாம். சாமி கும்பிட வேண்டாம் என்று எந்த டாக்டரும் தடுக்கப் போவதில்லை.

இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டுமானால் வாசலிலேயே கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? டாக்டர் எந்தக் கிழமை வருவார்? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? முகம் சுளித்தால் அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

உள்ளே போய்ப் படுக்கும் அறையையும் பாருங்கள். வெளியே போக எத்தனை வழி? இரவில் பூட்டுகிறார்களா? பூட்டினால் சாவியை வைத்திருப்பவர் எங்கே படுக்கிறார்?