ஏவியோன்மேல் ஏறாத பழி

பல்லாவரத்தை அடுத்த பம்மல் என்னும் ஊரைத் தமிழ் நாடகம் மறப்பதற்கில்லை. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயர்க்கு முன்னே தாங்கிய சம்பந்தனார் 1891இல் சென்னையில் ஒரு நாடக மன்றம் கண்டார். கூத்தாடிகள் என்று இழித்துரைக்கப்பட்ட மேடையில் வழக்கறிஞரையும் அலுவலரையும் ஏற்றிய பெருமை அம்மன்றத்திற்கு உண்டு. அதற்கு அவர்கள் சூட்டிய பெயரோ சுகுணவிலாச சபை! மறைமலையடிகளார் பல்லாவரத்திற் குடியேறுவதற்கு இருபதாண்டுகட்கு முன் நடந்த செயல், அப்பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவர் படைப்புகளுள் மக்கள் நினைவில் இன்றும் நிற்பது 'சபாபதி'. 1941இல் அது திரைப்படமாகவும் வந்து ஊரெங்கும் பரவியது. தலைவனுக்கும் சபாபதி என்று பெயர்; அவன் பணியாளுக்கும் அதே பெயர். பெயரைப் பொதுவாக்கிய கதை பழியைப் பொதுவாக்கவில்லை. தலைவன் தேர்விலே தோற்கின்றான். அதனால் அவனுக்குச் சோறு குறையவில்லை, மணமும் தடைப்படவில்லை. பணியாளோ இட்ட ஏவலை இட்ட சொற்படியே செய்து கெடுக்கின்றான். பார்ப்போர் வயிறு குலுங்க நகைக்கின்றனர். எண்ணிப் பார்த்தால் அவன் செய்த பிழை யாது? சொன்னதைச் செய்தான். பொருள் விளங்கச் சொல்லாதவன் தலைவன். ஆயினும் மடையன் என்னும் பட்டம் கூலிக்காரன் தலையிலேயே விழுகின்றது. சம்பந்தனார் தீய நோக்கங் கொண்டு எழுதினார் என்பதன்று. அவர் கைத்திறன் பெரிது. ஆனால், அவர் மன்றத்தில் ஆடினோரும் முன்வரிசையில் அமர்ந்தோரும் வீட்டில் ஏவிப் பழகியவர்கள். அவர்கட்கு இனிக்கும் நகைச்சுவை எதுவென்று மேடை அறிந்திருந்தது.

தமிழன் கண்ட பழைய முறை இதுவன்று. சிலப்பதிகாரத்தில் பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். வாள் வீசியவன் காவலருள் ஒருவன். நெடுஞ்செழியன் விரும்பியிருந்தால் அவ்விருவரையும் கழுவேற்றிவிட்டுத் தான் ஒதுங்கியிருக்கலாம். அவன் அது செய்திலன். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மணியைக் கண்ட அப்பொழுதே, ஆராயாமல் தன் வாயினின்று புறப்பட்ட ஒரு சொல்லே கோவலனைக் கொன்றது என்று உணர்ந்தான். கள்வன் தானே என்று கூறி வீழ்ந்து மாய்ந்தான். கொன்ற கை ஏவலன் கை. பழி ஏவிய வாய்க்கு உரியது. கோவலன் கதையை நாடகக் குழுக்கள் ஊர் ஊராக ஆடிக்காட்டியும் படித்த கூட்டத்தார் காதில் இது ஏறவில்லை.

1946இல் அறிஞர் அண்ணா எழுதி, கே.ஆர். இராமசாமி குழுவினர் நடித்த 'வேலைக்காரி' மேடையின் முகத்தைத் திருப்பியது. கடன் தாளாமல் தூக்கிலே தொங்கியவனைப் பார்த்து விதி என்று கைவிரிக்காமல், கடன் கொடுத்து நெருக்கிய வேதாசலத்தின் மாளிகை வாயிலிலே கேள்வியைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்நாடகம். பணிப்பெண்ணும் அதிலே நகைப்பொருளாக வரவில்லை. அவளே நாடகத்தின் பெயரானாள். ஒன்று மட்டும் உறுத்துகின்றது. செல்வர் இறுதியில் மனந்திருந்துகின்றார். அவையோர் கைதட்டி எழுகின்றனர். தூக்கிலே தொங்கியவன் எழவில்லை. செழியன் உயிரால் இறுத்த கடனை வேதாசலம் கண்ணீரால் இறுத்துவிட்டார்.

மேடையை விட்டு இறங்கித் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்த் தெருக்களுள் நுழைந்தால், தொடர்வண்டியிலும் பேருந்திலும் விடியுமுன் வந்திறங்கும் பணிப்பெண்களைக் காணலாம். வாயிலிலே 'தமிழ்க்குடில்' என்று தூய தமிழிற் பெயர் பொறித்த வீட்டிலும், தாயின் அகவை உடையவளை 'ஏய், வாடி' என்று அழைக்கும் குரல் கேட்கின்றது. அதுவும் தூய தமிழ்தான்! வளையல் ஒன்று காணவில்லையென்றால் முதலில் அவிழ்க்கப்படுவது அவள் மடி. அவள் பிள்ளையின் பையும் கொட்டிப் பார்க்கப்படும். மறுநாள் அவ்வளையல் வீட்டுக்காரி தானே வைத்த பேழையின் அடியிற் கிடைக்கின்றது. 'கிடைத்துவிட்டது' என்று ஒரு சொல். அடுத்த சொல், ஏனங்களைத் துலக்கி வைக்குமாறு ஏவல்.