காந்தம் ஒட்டாத கதவு

போன ஞாயித்துக்கிழமை பேரன் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். எங்க 407 வண்டியின் கதவில், கண்ணாடிக்குக் கீழே வைத்தான். டப்புனு ஒட்டிச்சு. கதவோட அடிப்பக்கத்தில் வைத்தான். ஒட்டாம கீழே விழுந்துச்சு. "தாத்தா, இங்க இரும்பு இல்லையா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரல.

அங்கே இருக்கிறது பட்டி. இரும்பு இருந்த இடத்தில் துரு, துரு மேல பட்டி, பட்டி மேல பளபளன்னு நீல பெயிண்ட். எல்லாம் எஃப்.சி.க்கு முன்னாடி நானே காசு கொடுத்துப் பூச வைத்ததுதான்.

டவுன்ல இருக்கிற உங்களுக்காகச் சொல்றேன். சரக்கு வண்டி எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், அதுக்கப்புறம் வருஷா வருஷமும் தகுதிச் சான்று வாங்கணும். அதைத்தான் எஃப்.சி.ன்னு சொல்றோம். அந்தத் தேதி நெருங்கினா வண்டியைக் கொண்டுபோய் ஷெட்டில் விடுவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ரோட்டோரத்தில் பாதி உரிச்ச கோழி மாதிரி லாரிகள் நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. ரெண்டு மூணு நாள்ல டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிஞ்சு கல்யாண மாப்பிள்ளையா வெளியே வரும்.

என் வண்டி 2004 மாடல், செகண்ட் ஹேண்டா வாங்கினது. என் நிலத்துக் கீரை, கத்திரிக்காய், அக்கம்பக்கத்துக்காரங்க மூட்டை எல்லாம் ஏத்திக்கிட்டு ராத்திரி கோயம்பேடு போவேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ரெண்டு நாள் முழங்கால் தண்ணியில் நின்ன வண்டி. துரு அப்பவே அடியில் பிடிச்சிருக்கும். அடுத்த எஃப்.சி.க்கு விட்ட ஷெட்டில், "அண்ணே, இதைச் சுரண்டினா வேலை நிறைய இழுக்கும், பட்டி வெச்சு மூடிடட்டுமா?"ன்னு கேட்டாங்க. நான் சரின்னு தலையாட்டினேன். அதனால அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு மழைக்காலம் போனதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிச்சு. மறுபடி பட்டி, மறுபடி பெயிண்ட்.

வர்ற சித்திரையில் எஃப்.சி. இந்தத் தடவை ஷெட்டுக்கு விடப்போறதில்லை. வீட்டு வாசல்ல வெச்சு நானே பெயிண்ட் அடிக்கப்போறேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"இந்த வயசுல எதுக்குப்பா? ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 2022லயே எஃப்.சி. கட்டணத்தை ஏத்திட்டாங்க"ன்னு பையன் சொல்றான். அவன் கணக்கு தப்பில்லை. வீட்டுக்காரம்மா, "காசை மிச்சம் பிடிக்கிறேன்னு முதுகை ஒடிச்சுக்காதீங்க"ன்னு சொல்றாங்க. காசு மிச்சமாகுமான்னு எனக்கே சந்தேகம்தான். நான் சொல்ல வர்றது வேற.

ரெண்டு நாள்ல வண்டியை எடுத்துக் கொடுக்கவேண்டியவன் துருவைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது. அவனுக்குக் கூலி பளபளப்புக்கு. கீழே என்ன இருக்குன்னு நிதானமா சுரண்டிப் பார்க்கிற அவசியம் வண்டிக்காரனுக்குத்தான். நம்ம ஆளுங்க பெயிண்டை அழகுன்னு நினைக்கிறோம். பெயிண்ட் என்பது இரும்புக்குத் தோல். காத்தும் ஈரமும் இரும்பைத் தொடாம காக்கிறதுதான் அதோட வேலை. துரு மேலயே பூசினா, உள்ளே மாட்டின ஈரத்தில் துரு பெருத்துக்கிட்டேதான் போகும். களை எடுக்காம உரம் போட்ட கதை.

அதனால என் திட்டத்தில் பெயிண்ட் கடைசிதான். முதல் நாலு நாள் சுரண்டுறது மட்டும். கம்பி பிரஷ், உப்புத்தாள். 80ல ஆரம்பிச்சு 120, 220, கடைசியில் 400. இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் விடக்கூடாது. ஓட்டை விழுந்த இடத்தை வெல்டிங் பட்டறையில் தகடு வெச்சு அடைக்கணும். அப்புறம் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைச்சு, அன்னைக்கே ரெட் ஆக்சைடு. சுரண்டின இரும்பை ஒரு ராத்திரி பனியில் விட்டாக்கூட காலையில் செம்மண் நிறம் ஏறிடும். பட்டி நெளிஞ்ச இடத்துக்கு மட்டும், மெல்லிசா. கடைசியா எனாமல் ரெண்டு கோட்டிங், நடுவுல ஒரு நாள் காயவிட்டு.

மாசிக் கடைசியை எடுத்து வெச்சிருக்கேன். வண்டிக்கு ஓட்டம் குறைவு, மழையும் இருக்காது. ஆனா மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அதனால காலையில் ஈரம் காஞ்சு 9 மணிக்கு மேலதான் பிரஷைத் தொடணும், 4 மணிக்குள்ள முடிச்சிடணும். பங்குனிக்குத் தள்ளினா தகடு தோசைக்கல்லா சுடும், எனாமல் சுருங்கிடும்.

பேரனுக்கு ராணுவப் பச்சை வேணுமாம். ஆவடியில் டாங்க் ஃபேக்டரி பக்கம் பார்த்த ஆசை. அது முடியாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121வது விதிப்படி அந்தப் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான். வேற நிறம் மாத்தினாலும் ஆர்.சி. புக்கில் மாத்தி எழுத அலையணும். பழைய நீலமே போதும். சேசிஸ் நம்பர் மேல பெயிண்ட் அப்பிடக்கூடாது, எஃப்.சி.யில் அதைத் தேடிப் பார்ப்பாங்க. முன்னால வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைப் புதுசா ஒட்டணும். ராத்திரி பைபாஸில் உயிரைக் காக்கிறது அதுதான்.

வீட்டில் செய்றதுன்னா ரெண்டு விஷயத்தில் நான் பிடிவாதமா இருக்கேன். ஒண்ணு, காஞ்ச தூசி பறக்கக்கூடாது. பழைய பெயிண்டில், அதுவும் மஞ்சள், சிவப்பில், ஈயம் இருந்த காலம் அது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுவும் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு மட்டும். என் வண்டியில் எத்தனை அடுக்கு ஏறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும். கீழே தார்ப்பாய் விரிச்சு, விழுற சகதியை வாரி மூட்டை கட்டணும். கீரைப் பாத்திக்கும் கோழிக்கூண்டுக்கும் அந்தப் பக்கம், பேரன் வராத இடத்தில். ரெண்டாவது, ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பி.யூ. பெயிண்ட் நமக்கு வேண்டாம். பளபளப்பு அருமையாத்தான் இருக்கும். ஆனா அதில் இருக்கிற ஐசோசயனேட் நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமாவைக் கொண்டுவரும், முகத்தில் கட்டுற துண்டு அதைத் தடுக்காது. எனாமலும் பிரஷும் நமக்குப் போதும். கோடு கோடா தெரிஞ்சா தெரியட்டும்.

இதெல்லாம் எழுதிட்டேன். ஒண்ணை மட்டும் இன்னும் சொல்லல. பட்டியைச் சுரண்டினா கீழே என்ன தெரியுமோன்னு எனக்குப் பயம். கதவு போனா வேற கதவு புதுப்பேட்டையில் கிடைக்கும். கேபின் உக்காந்திருக்கிற இடமே அரிச்சுப்போயிருந்தா? வண்டியில் நான் மட்டும் போறதில்லை. கீரை ஏத்துற பையன் ஒருத்தன் தினம் பக்கத்தில் உக்காந்து தூங்கிக்கிட்டு வர்றான். இத்தனை வருஷம் பெயிண்டுக்குக் கொடுத்த காசு, அந்தப் பயத்தைப் பார்க்காம இருக்கக் கொடுத்த காசுதான்னு இப்பத்தான் உறைக்குது.

அதனால எனாமல் டப்பாவை இப்ப வாங்கப் போறதில்லை. உப்புத்தாளும் கம்பி பிரஷும் மட்டும் அம்பத்தூர் ஓ.டி.யில் வாங்கி வெச்சாச்சு. அடித்தகடு கெட்டியா இருந்தா நீலம் வாங்குவேன். இல்லேன்னா பையன் சொன்னதைக் கேட்பேன், வருத்தத்தோட.

நீங்க யாராவது செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனா, பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுத்தி எடுத்துட்டுப் போங்க. கதவோட அடிப்பக்கத்தில் வெச்சுப் பாருங்க.