சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

புளியங்குடியிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் இருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஆசிரியர்களே, வியாபாரிகளே,

இந்த ஊர்ப் பள்ளி, கல்லூரிகளில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களும், அங்கே படித்து முடித்தவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கட்சிக்காகவும் இல்லை, எந்தச் சாதிச் சங்கத்துக்காகவும் இல்லை.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கூடப் படித்தவர்கள் சாதியை வைத்துக் கொடுத்த தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிறகு அவன் தேறி 600-க்கு 469 மதிப்பெண் எடுத்ததை ஊரே பாராட்டியது, நாமும் பாராட்டினோம். ஆனால் அவன் வாய் திறந்ததற்கும் அரிவாள் வீட்டு வாசலுக்கு வந்ததற்கும் இடையிலிருந்த சில மணி நேரத்தில் அவனுக்கு யார் காவல் இருந்தார்கள் என்று நாம் கேட்கவே இல்லை.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து போலீசில் புகார் கொடுத்தார். அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்றம், பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரிடம் விசாரணையை ஒப்படைத்தது. குற்றவாளிக்கு ஐந்தே மாதங்களில் ஆயுள் தண்டனை கிடைத்தது, சரிதான். ஆனால் கசிந்த செய்தியைப் படித்த எத்தனை பெண் பிள்ளைகள் ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று வாயை மூடிக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

அடுத்தது பாளையங்கோட்டை. 2025 ஏப்ரல் 15 அன்று ஒரு தனியார் பள்ளி வகுப்பறையில் எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படித்தவனை அரிவாளால் வெட்டினான். குறுக்கே விழுந்து தடுத்த ஆசிரியைக்கும் காயம். பென்சில் விஷயத்தில் தொடங்கிய மனஸ்தாபம், இரண்டு பேருக்கும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று போலீசார் சொன்னார்கள். உடனே பல பள்ளிகளில் பை சோதனை ஆரம்பமானது. சோதனை போட்டால் அரிவாள் அகப்படலாம். அந்த ஒரு மாத மௌனம் எந்தப் பையில் அகப்படும்?

நம் ஊரில் அப்படி எதுவும் இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எந்தக் கூட்டம் எந்தத் தூணோரம் நிற்கும், டவுன் பஸ்ஸில் கடைசி சீட் யாருக்கு, கையில் எந்தச் சாதிக்கு என்ன நிறக் கயிறு என்பதெல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறோம். கயிற்றை அறுத்தால் தீர்ந்துவிடும் என்றும் நாங்கள் நம்பவில்லை. கயிறு போனால் பனியன் நிறம், அதுவும் போனால் ரீல்ஸ் பாட்டு.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று 610 பக்க அறிக்கையைக் கொடுத்தது. கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரைகள்தான் டி.வி. விவாதமாயின. 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் தனியாக ஒரு நலன் அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னது யார் காதிலும் விழவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிலையமானாலும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கோச்சிங் சென்டருக்கும் அது பொருந்தும்.

போலீஸ் விஷயமும் புதிது அல்ல. சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவர் குழந்தை நல அலுவலராக இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் பேசும்போது முடிந்தவரை சீருடை இல்லாமல் பேச வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா? கோவையில் 2022-ல் கல்லூரிக்கு ஒரு பெண் காவலரைப் பொறுப்பாக்கி ‘போலீஸ் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். பிரச்சினை வந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் போலீசும், முகம் தெரிந்த அக்காவும் ஒன்றாகிவிட முடியாது. பிள்ளைகளைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடவைத்து வீடியோ எடுத்துப் பரப்புவதைச் சிலர் ஒழுக்கம் என்று ரசிக்கிறார்கள். வழக்கில் சிக்கிய சிறாரின் முகத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 74-வது பிரிவில் இருக்கிறது.

“நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும், கவுன்சிலிங் எதற்கு” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்ட பையன் திருந்திவிட்டதாக நமக்குத் தோன்றும். அவன் அதற்குப் பிறகு நம்மிடம் எதையும் சொல்லாமல் இருக்கிறான், அவ்வளவே. பீடி சுற்றும் ஓர் அம்மா எங்களிடம் சொன்னார்: மகனின் சோற்று டப்பா மூன்று நாளாகத் திறக்காமலே திரும்பி வந்ததாம். வாத்தியாரிடம் போய்க் கேட்டால் பிள்ளையின் பெயர் வெளியே போய்விடுமோ என்று பயந்து அவர் கேட்கவே இல்லை. அந்தப் பயம் நியாயமானது.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் பிள்ளை ரகசியமாகப் போய்ச் சொல்ல ஒரே ஒரு பெரியவர் வேண்டும். சொன்னதை அவர் மற்ற பிள்ளைகள் முன்னால் விசாரிக்கக் கூடாது. ஆபத்து என்று பட்டால் அன்றைக்கே ஸ்டேஷனின் குழந்தை நல அலுவலரிடம் சொல்ல வேண்டும், பிள்ளை வீட்டுக்கு அன்றிரவு காவல் கேட்க வேண்டும். வெட்ட நினைக்கும் பையனும் நம் ஊர்ப் பையன்தான். அவனிடமும் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழு நம் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வரும் என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். அதுவரை 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) என்ற மூன்று எண்களைப் பிள்ளைகளின் நோட்டு அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

இதைத் தீர்மானமாக்க இடம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு, வார்டுகளில் பகுதி சபை. அடுத்த கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகலைத் தென்காசி மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பொறுப்பு. பகலில் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே அம்மாக்கள் பீடிக் கடையில் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பிறகு கூட்டத்தை வைக்கும்படி தலைமை ஆசிரியர்களையும் கவுன்சிலர்களையும் இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புளியங்குடிப் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும்